அரையிறுதிக்குப் போகாத அணி

அப்பா காணாமல் போய் ஒரு நாள் முழுவதும் ஆகியிருந்தது. அம்மா போனில் சொன்னபோது நான் திருப்பத்தூரில், கல்லூரி விடுதியில் இருந்தேன். அன்று எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு அரையிறுதி. "மாடு தேடி காட்டுக்குப் போன மன்சன் இன்னும் வூடு வந்து சேர்ல" என்றாள்.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு எங்கள் ஊர்க் காளியம்மன் மேல் கோபம்தான் வந்தது. அந்த சீசனின் தொடக்கத்தில் தோல்விக்கு மேல் தோல்வி. எங்களை மாற்றியவள் கேப்டன் ரிஸ்வானா. வாணியம்பாடிப் பெண். தினமும் விடியும்போதே எங்களை மைதானத்தில் நிறுத்திவிடுவாள். தோற்ற நாளில்கூட யாரையும் குறை சொன்னதில்லை. அப்படி ஜெயித்து ஜெயித்து அரையிறுதி வரை வந்திருந்தோம். இன்றைக்கா தாயே இப்படிச் செய்வாய் என்று அழுதேன். பிறகு கோபமும் ஓய்ந்துவிட்டது. கோப்பை வேண்டாம், அப்பாவை உயிரோடு கொடு என்று மட்டும் வேண்டினேன்.

நான் மட்டும் ஊருக்குப் போகிறேன், நீங்கள் போய் ஆடுங்கள் என்று கெஞ்சினேன். ரிஸ்வானா என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உங்கப்பாவ வுட்டுட்டு அங்க போய் இன்னா ஆடறது? நட."

பயிற்சி தரும் மேடம் சற்று யோசித்துவிட்டு, போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் செய்து எங்களால் வர முடியாது என்றார். மூன்று பேருக்கு அது கல்லூரியின் கடைசி சீசன். அவர்கள்தான் முதலில் எழுந்தார்கள்.

இரண்டு ஜீப்பில் மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் புதூர்நாட்டுக்கு ஏறினோம். ஊர் ஆண்கள் கிழக்குச் சரிவில் தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓடைப் பக்கம் இறங்கினோம். மேடம் எங்களை ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி வரிசையாக நிறுத்தினார். அவர் விசில் அடித்ததும் எல்லோரும் நின்று காது கொடுப்போம். பிறகு நடப்போம். மதியம் தாண்டியது. முள் கிழித்து எல்லோர் காலிலும் ரத்தம். ஒருத்திகூடத் திரும்பலாம் என்று சொல்லவில்லை.

மறுபடி ஒரு விசில். எங்கோ கல்லோடு கல் தட்டும் சத்தம். ரிஸ்வானாவுக்குத்தான் முதலில் கேட்டது.

பாறை இடுக்கில் அப்பா கிடந்தார். இடது கால் முறிந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப்போயிருந்தது. தண்ணீர் குடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னிக்கு உனுக்கு ஆட்டம் இல்லியா?"

நான் அவர் முகத்தைத் துடைத்தேன். ரிஸ்வானா சொன்னாள்.

"முடிஞ்சிட்ச்சிப்பா. ஜெயிச்சிட்டோம்."

ஊர்க்காரர்கள் மூங்கிலும் போர்வையும் கொண்டுவந்தார்கள். ஜீப் நிற்கும் இடம் வரை என் தோழிகளும் முறை வைத்துத் தோள் கொடுத்தார்கள். வழியெல்லாம் இறைவனிடம் துவா செய்துகொண்டே வந்ததாக ரிஸ்வானா பிற்பாடு சொன்னாள்.

ஆடாமலே தோற்றோம் என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது. அப்பா இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார், கொல்லைக்காட்டு வேலைக்கும் போய்வருகிறார். அந்த நாள்வரை அம்மனிடம் வெற்றி மட்டுமே கேட்டவள் நான். இன்று சந்நிதியில் என் அணியில் ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லி விளக்கேற்றுகிறேன், ரிஸ்வானா பெயரை முதலில் சொல்லி. அன்று என்னிடம் அம்மன் வந்தது அவர்கள் உருவத்தில்தான்.

மனம் உடைந்திருப்பவர்கள் இதைப் படித்தால், நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். கோபத்தோடு என்றாலும் கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை.