பேரரசர் கொண்டுபோன எழுத்தும் வதனியின் நாற்பத்தொரு கடிதங்களும்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, லோறென்ஸ்கூக்கிலிருந்து நானும் மனைவி வதனியும் ஒஸ்லோவுக்குள் ஒரு சீன எழுத்துக்கலைக் கண்காட்சிக்குப் போய்வந்தோம். ஆசை அவளுடையது. அழகான கையெழுத்து என்றால் அவளுக்கு உயிர். நானோ அந்தப் பேச்சை எடுத்தாலே கதையை மாற்றிவிடுவேன். முப்பத்தைந்து வருடமாக நான் அவளிடம் மறைத்த ஒரே விஷயம் ஒரு கையெழுத்தைப் பற்றியதுதான்.

கல்யாணம் பேசி முற்றாக்கியதோடு நான் நோர்வே வந்துவிட்டேன். அவள் ஊரில், யாழ்ப்பாணத்து இணுவிலில், மூன்று வருடம் காத்திருந்தாள். இங்கே ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் எல்லோருடைய கடிதங்களையும் எழுதித் தருவது எங்களில் ஒருவனான குலம். ஊரில் கடைப்பலகை எழுதினவன், முத்து முத்தாக எழுதுவான். நாங்கள் சொல்லச் சொல்ல எழுதுவான். ஒரு கடிதத்துக்கு ஒருநாள் அவனுடைய கோப்பை கழுவும் முறையை நாங்கள் செய்யவேண்டும். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகிவிடுகிறது. வதனி இங்கே வந்து, கடிதங்களில் இருந்ததுபோல் இல்லாத என் எழுத்தைப் பார்த்துத் திகைத்தபோது, குளிரறை வேலையில் கை விறைத்து எழுத்துக் கெட்டுவிட்டது என்றேன். பாவம், நம்பி ஒரு மாதம் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள்.

பயணத்துக்கு வருகிறேன். காலை 10.20 ரயில், இருபது நிமிடத்துக்குள் ஒஸ்லோ மத்திய நிலையம். அங்கிருந்து ஆக்கர்ஷெல்வா ஆற்றோரமாக ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. பாதை உறைந்து வழுக்கியதால் எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. நுழைவு ஒருவருக்கு 90 குரோனர்.

இரண்டே அறைகள். முதலாவது முழுக்க டாங் வம்சத்துப் பேரரசர் ஒருவரைப் பற்றியது. தனக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் கையெழுத்தில் மனிதருக்குப் பித்து. நாடெங்கும் தேடிச் சேர்த்திருக்கிறார். ஆகச் சிறந்ததை வைத்திருந்த துறவி கொடுக்க மறுக்க, ஆளனுப்பி ஏமாற்றி எடுத்தாராம். பிறகு மெல்லிய தாளை மேலே வைத்து, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் வரைந்து, உள்ளே மை நிரப்பிப் படிகள் எடுப்பித்தார்.

“இங்கே தொங்குவது படியின் படி,” என்றார் காவலுக்கு நின்ற நோர்வேப் பெண். “மூலத்தைத் தன்னோடு புதைக்கச் சொல்லிவிட்டார்.”

வதனி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். “இஞ்சாருங்கோ, நான் போகேக்கை உங்கடை கடிதங்களையும் என்னோடை வைச்சுவிடுங்கோ. நாப்பத்தொண்டையும்.”

“விசர்க்கதை கதையாதையும்,” என்றேன். குலத்தின் எழுத்தை என்னுடையதென்று நம்பிக்கொண்டே இவள் போகப்போகிறாளே. மன்னிப்பே இல்லாத களவாகத் தோன்றியது.

கண்காட்சிச் சிற்றுண்டிக் கடையில் தேநீர் 48 குரோனர், வெறும் சாயத்தண்ணீர். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்.

“அந்தக் கடிதங்கள் நான் எழுதேல்லை. சொன்னது நான். எழுத்து குலத்தின்ரை.”

“அப்ப கை விறைச்சது?”

“பொய்.”

“ஒத்தடம்?”

“சுகமாத்தான் இருந்தது.”

அவள் சிரிக்கவில்லை. திரும்பும்போது அந்த வழுக்கல் பாதையிலும் என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: பன்னிரண்டு மணிக்கு முன் போங்கள், கூட்டமிராது. ஒன்றரை மணித்தியாலம் போதும். பாதை வழுக்கும், முள்ளு வைத்த சப்பாத்து கட்டாயம். தேநீரைப் போத்தலில் கொண்டுபோங்கள். இரண்டாவது அறையில், நாமே எழுத்தைப் படியெடுக்கும் மேசையில் கட்டாயம் இருந்து பாருங்கள். ஒரு எழுத்துக்கே முதுகு விட்டுவிடும். அந்தப் பேரரசரின் ஆட்கள் பட்ட பாடு அப்போதுதான் விளங்கும்.

எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது. அன்று பின்னேரமே வதனி கடிதப் பெட்டியையும் எழுதாத ஒரு கொப்பியையும் மேசையில் வைத்து, “இருந்து எழுதுங்கோ. ஒண்டும் விடாமல்,” என்றாள். இப்போது பத்தொன்பதாவதில் நிற்கிறேன். கோழி கிளறின எழுத்து. “வதனி, இஞ்சை பனி கொட்டுது, நீர் எப்ப வருவீர்” என்று எழுதும்போது கண் கலங்கிவிட்டது. அன்று நாலு பேருக்கு முன்னால் வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறேன்.

“முடிச்சபிறகு குலத்தின்ரையை என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“அவற்ரை எழுத்து வடிவு. பிள்ளையள் வைச்சிருக்கட்டும்,” என்றாள். “இந்தக் கொப்பி என்னோடை வரட்டும்.”