வெள்ளையம்மா சீவினால் வலிக்காது

பாதி எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிடும் போலிருக்கும். அப்படியும் றப்பர் பால் நாற்றம் லேசில் போகாது. புளத்கொகுபிட்டியக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த லாபிர் முதலாளியின் வீட்டுப் பின்வாசலில் குந்தியிருந்து வெள்ளையம்மா தேய்த்துக்கொண்டிருப்பாள். முதலாளியின் மனைவி றஹீமா வாசற்படியில் நின்று காத்திருப்பாள். நாற்றம் போனால்தான் மணப்பெண்ணின் பட்டுச் சேலையை அந்தக் கை தொடலாம். வாரம் முழுவதும் மரத்தில் பால் வெட்டுகிற கை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கலியாண வீட்டில் சீப்புப் பிடித்தது. எந்தக் கிழமையில் அவள் ஓய்ந்திருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

றப்பர்த் தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவில் பிறந்தவள் முஸ்லிம் வீட்டு மணப்பெண்களை அலங்கரிக்க வந்தது ஒரு பெரிய கதையில்லை. சிறுவயதிலிருந்தே அவள் சீவினால் வலிக்காது. லயத்துப் பிள்ளைகள் மற்றவர்கள் கையில் சீப்பைக் கண்டாலே ஓடுவார்கள், அவளிடம் மட்டும் தாங்களாக வந்து முதுகைக் காட்டி உட்காருவார்கள். கலியாணம், சடங்கு எதுவானாலும் கொண்டை போட அவளைத்தான் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் மண்மேடு சரிந்து அவள் புருஷன் பழனியாண்டி போனான். மகள் செவந்தி அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள். தாலியறுத்தவளை நல்ல காரியத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? அதே தலைகள், அதே கை. ஆனால் ஒருவரும் கூப்பிடவில்லை. பேன் பார்க்க மட்டும் கூப்பிட்டார்கள். பேனுக்குச் சகுனம் கிடையாது போலிருக்கிறது.

றஹீமாவுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பெரிய காய்ச்சல் வந்து தலைமுடி சடைபிடித்துப்போன சமயத்தில்தான் வெள்ளையம்மா அந்த வீட்டுக்குள் போனாள். முடியை வெட்டிவிடுவதென்று கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். துணி வாங்கக் கடைக்கு வந்தவள், விஷயம் காதில் விழுந்து, யாரும் கூப்பிடாமலே வீட்டுக்குள் போய், தேங்காயெண்ணெயைக் கொட்டி, அந்தப் பகல் முழுவதும் இருந்து சிக்கெடுத்துக் கொடுத்தாள். றஹீமா அரைத் தூக்கத்தில் கிடந்தாளாம், வலி தெரியவில்லையாம். அன்று தொடங்கிய பழக்கம். றஹீமாவை அவள் ராத்தா என்று கூப்பிட்டாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்.

தான் தாலியறுத்தவள் என்பதை, மணப்பெண்ணை அலங்கரிக்க றஹீமா கூட்டிப்போன முதல் கலியாணத்துக்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். எங்கட மார்க்கத்தில் அதற்கு ஒண்டுமில்லை, கையைக் கழுவிக்கொண்டு வா, அவ்வளவுதான் என்றாள் றஹீமா. யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல என்று நாலு ஊர்களில் அவள் பெயர் பரவியது. பரவியது என்பதற்காக முன்வாசல் திறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தோட்டத்துப் பொம்பிளை பின்வாசலால்தான் வரவேண்டும், சோறும் அங்கேதான். திரும்பி லயத்துக்கு வந்தால், கண்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள் என்று இங்கே ஒரு முகச்சுளிப்பு. இருபக்கமும் இடி வாங்குகிற மத்தளத்துக்காவது நடுவில் ஒருவன் மடி கொடுப்பான். அவளுக்கு அதுவும் இல்லை.

மணப்பெண் எழுந்து போன பிறகு தனியாக இருந்து சீப்பிலிருந்து உதிர்ந்த முடியை எடுக்கும்போது, செவந்தியின் தலையை ஒருநாள் இப்படிக் கட்டவேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அவள் வாழ்க்கையில் ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான்.

றஹீமாவின் மகள் நூரியாவுக்கும் வெள்ளையம்மாதான் கொண்டை கட்டினாள். அவள் கட்டியதிலேயே அழகான கொண்டை அது. அந்த வருஷக் கடைசியில் கேகாலைப் பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு ஆள் போன காலம். நூரியாவின் மாப்பிள்ளையும் போனான். மருதோன்றிச் சிவப்பு அழிந்து அதிக காலம் ஆகவில்லை, அந்தப் பெண் வெள்ளை உடுத்திக்கொண்டு உம்மா வீட்டு அறைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். துக்கம் கேட்கப் போன வெள்ளையம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். றஹீமாவே அவளைப் பக்கத்தில் இருத்தி, எல்லாம் அல்லாஹ் நாடினது, ஊரெல்லாம் மையத்து விழுகிற நேரத்தில் உன் கை என்ன செய்யும் என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த கலியாணத்துக்கும் றஹீமாவே அவளைக் கூட்டிப் போனாள்.

இப்படியிருக்கையில் செவந்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. அதே தோட்டத்துக் கன்னையா. சாந்தமான பையன், குடி கிடையாது. அவன் தாய் சின்னம்மாவுக்கு மட்டும் வாய் கொஞ்சம் நீளம். நலங்கு வைக்க ஐந்து சுமங்கலிகள் வருவார்கள், பெண்ணைப் பெற்றவள் தாலி ஏறும்வரை பின்பக்கம் இருக்கட்டும் என்று அவள் சொல்லியனுப்பினாள். வெள்ளையம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றே ஒன்று கேட்டாள். கொண்டையை மட்டும் தான் கட்டவேண்டும். அதற்குச் சின்னம்மா, என் மகன் உசிரோடு இருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளையம்மா விட்டுவிட்டிருப்பாள். விடாதவள் செவந்தி. அம்மா கை படாவிட்டால் மணையில் உட்காரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். கன்னையாவைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் மறித்துக் கேட்டாள். அவன் தாயோடு பேசாமல் கிடந்தான். வழக்கு கங்காணியிடம் போயிற்று. நலங்கைச் சுமங்கலிகள் செய்யட்டும், கொண்டையைத் தாய் கட்டட்டும், ஊரெல்லாம் கட்டியவள்தானே என்று அவர் தீர்த்துவைத்தார். கலியாணமே நின்றுபோகும் என்ற கட்டம்வரை போய்த்தான் அந்தப் பெண் இதை வாங்கிக்கொடுத்தாள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கலியாணத்தன்று றஹீமா வாடகைக் காரில் தோட்டத்து றோட்டு வரைக்கும் வந்து, மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கையில் பட்டுச் சேலை. லயத்தில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். செவந்தி தலைமுழுகி, சாம்பிராணிப் புகையில் முடி காய்ந்து, தாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சின்னம்மாவும் நின்றாள்.

வெள்ளையம்மா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினாள். கையைக் கொண்டுபோனாள். முடிக்குக் கிட்டே போன கை அங்கேயே நின்றுவிட்டது. எண்ணெய் மணிக்கட்டு வழியாக வழிந்து பாயில் சொட்டியது.

"என்னம்மா?" என்றாள் செவந்தி, திரும்பாமலே.

"வேணாம் தங்கம். நா தொடல."

செவந்தி திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "இதுக்காக எத்தன பேர்கிட்ட சண்ட போட்டேன். ஊருப்பட்ட புள்ளைங்களுக்குக் கட்டுனியே, அப்ப மட்டும் பயம் இல்லயா ஒனக்கு?"

"அதுங்க யாரோ பெத்த புள்ளைங்கடி. நீ எம்புள்ள."

பயத்தில் வந்த பேச்சு. பயத்தில் வரும் பேச்சில் பொய் இருக்காது, அதுதான் கெட்டது. சொல்லி முடித்த பிறகுதான் நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்பது வெள்ளையம்மாவுக்கு ஞாபகம் வந்தது. தாலியறுத்த கைக்குத் தோஷம் உண்டென்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டே ஊரான் வீட்டுப் பெண்களின் தலையைத் தொட்டு வந்திருக்கிறாள். அது அந்த நிமிஷம்வரை அவளுக்கே தெரியாது. இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது, றஹீமாவுக்கும் தெரிந்துவிட்டது.

றஹீமா சத்தம் போடவில்லை.

"நூரியாவப் பெத்தது நான், வெள்ளம்மா," என்றாள்.

வாசலில் நின்ற பெண்களுக்கு விஷயம் விளங்கவில்லை. ராத்தா, ராத்தா என்று வெள்ளையம்மா அவள் காலருகில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டிய மன்னிப்புக்குப் பெயர் வைக்கவே அவளால் முடியவில்லை.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. றஹீமா எழுந்து வந்து செவந்தியின் பின்னால் பாயில் உட்கார்ந்தாள். லாபிர் முதலாளி உயிரோடு, தொப்பையோடு கடையில் இருந்தபடியால் சின்னம்மாவாலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. றஹீமா சீப்பை எடுத்துக்கொண்டு, எப்படிச் சுத்துறது என்று கேட்டாள். வெள்ளையம்மா கைகளை மடியில் போட்டுக்கொண்டு, இடப்பக்கம் எடுங்க ராத்தா, இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, ஊசியக் கீழ இருந்து ஏத்துங்க என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூட அந்தக் கையைத் தூக்கவில்லை. சீப்பு இழுத்தபோது செவந்திக்கு வலித்திருக்கும், தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

கொண்டை சுமாராக வந்தது. தாலி ஏறுவதைப் பார்க்க றஹீமா நிற்கவில்லை. நூரியா தனியாக இருக்கிறாள் என்றாள். வெள்ளையம்மா இறக்கத்தில் றோட்டுவரை கூடவே போனாள். காரில் ஏறுமுன் றஹீமா நின்றாள்.

"யட்டியாந்தோட்டக் கலியாணத்துக்கு ஒனக்குச் சொகமில்லண்டு சொல்லி அனுப்புறேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நெடுநாள் தூங்காதவள் குரலில் சொன்னாள். "அதுக்குப் பொறகு வாரதுகளுக்கும் அப்படியே சொல்றேன்."

"சரிங்க ராத்தா," என்றாள் வெள்ளையம்மா.

மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியபோதும் அவள் றோட்டில்தான் நின்றாள். மறுநாள் விடிய, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எல்லோரோடும் போய் நின்று, பேர் கொடுத்துவிட்டு, பால் வெட்ட மலைக்கு ஏறினாள்.