மூன்றாவது ஒயர்

சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று என் அக்காவின் இருதயத்தைக் கெடுத்துவிட்டது. நாற்பது வயதுக்குள் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்துவிட்டாள். எண்பதுகளின் தொடக்கத்தில், மலையைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில், தலையணைகளை அடுக்கிக் கட்டிலில் சாய்ந்தே கிடந்தாள். எந்நேரமும் காற்றுப் படும்படி இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் புது ஃபேன் வாங்கினேன். வாங்கியதுதான் வாங்கினேன், அடியில் கண்ணாடிக் கிண்ணமும் உள்ளே பல்பும் வைத்ததாகப் பார்த்து வாங்கினேன். எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் அது கிடையாது. நான் அரிசி மில்லில் மோட்டார் பார்க்கிறவன். வீட்டு ஒயரிங்குக்கு இன்னொருவனைக் கூப்பிடுவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

பழைய ஃபேனுக்கு மரச்சட்டத்தின் மேல் இரண்டு ஒயர் ஓடியது. புதியதற்கு மூன்று வேண்டும். ஃபேனுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. மூன்றாவதை ஓட்டி, சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையில் இன்னொரு சுவிட்சும் வைக்க வேண்டும். சித்திரை வெயில். ஏணியில் நின்று கழுத்து வலித்தது. ஃபேன் ஒயரையும் லைட் ஒயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டு இறங்கிவிட்டேன். ஒரே சுவிட்சில் இரண்டும் வேலை செய்தன. ரெகுலேட்டரைக் குறைத்தால் லைட்டும் மங்கியது. அதையும் ஒரு வசதியாக என் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"தம்பி, பகல்லயும் தலைக்கு மேல எரியுதே," என்றாள் அக்கா.

"எரிஞ்சா என்னாக்கா? வர்ற ஞாயித்துக்கெழம மாத்தி உட்டுர்றேன்."

ஞாயிறுகள் வந்து போயின. வேலை ஜாஸ்தி என்று பொய் சொல்ல மாட்டேன். சோம்பல்தான். காற்று வேண்டுமென்றால் வெளிச்சத்தையும் அவள் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பல்பையாவது கழற்றிவிடேன் என்று ஒருமுறை கேட்டாள்.

"பல்பக் கழட்டிட்டா அப்பறம் எதுக்குக்கா இந்த ஃபேனு?" என்று சிடுசிடுத்தேன்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. புடவைத் தலைப்பைக் கண்ணின்மேல் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிக்கொண்டாள்.

கார்த்திகை தீபத்தன்று, மலையில் தீபம் தெரிகிறவரை எங்கள் ஊரில் வீட்டில் விளக்குப் போடுவதில்லை. ஆறு மணி நெருங்கியது. அகல்களை எடுத்துக்கொண்டு மனைவி மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். நானும் கிளம்பினேன்.

"ஃபேன நிறுத்திட்டுப் போடா," என்றாள் அக்கா.

"உனக்கு மூச்சு வாங்குமேக்கா."

"கொஞ்ச நேரந்தானே. ஊரே வெளக்குப் போடாம காத்துக்கெடக்குது. என் தலமேல மட்டும் எரியணுமா?"

கிண்ணத்துக்கு மூன்று திருகாணி. கழற்றிப் பல்பை எடுத்துவிட்டால் ஃபேன் பாட்டுக்குச் சுற்றும். ஐந்து நிமிடம் போதும். மாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். நான் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறிவிட்டேன்.

உச்சியில் தீபம் தெரிந்தது. மாடிக்கு மாடி அரோகரா என்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அக்காவுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பக்கத்து மாடிக்காரர் பேச்சுக் கொடுத்தார், நின்றேன். இறங்கி வந்து சுவிட்சைப் போட்டபோது, ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் லைட் போட்டதில் வோல்டேஜ் விழுந்துபோயிருந்தது. பல்புக்குள் கம்பி மட்டும் சிவந்து தெரிந்தது. ஃபேன் அசையவில்லை.

அக்கா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே இருந்த சுவிட்சைப் போடக்கூட அவளால் கையை எடுக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஜாக்கெட் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. நான் கத்தியதில் மனைவி ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். காலண்டர் அட்டையைப் பிய்த்து விசிறினேன். ஃபேன் வேகம் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விசிறிக்கொண்டே அழுதேன்.

பேச்சு வந்ததும், "தீபம் தெரிஞ்சிதுடா. நல்லா தெரிஞ்சிது," என்றாள்.

மறுநாள் காலை மில்லுக்குப் போகவில்லை. மனைவியை விசிறச் சொல்லிவிட்டு, மெயினை அணைத்து ஏணியில் ஏறினேன். முறுக்கைப் பிரித்து, மூன்றாவது ஒயரைச் சட்டத்தோடு ஓட்டிக் கிளிப் அடித்து, பலகையில் இன்னொரு சுவிட்சைப் பொருத்தினேன். அடுப்பில் வைத்த கஞ்சி வேகும் முன் முடிந்துவிட்டது.

"இது ஃபேனு. இது லைட்டு," என்று காட்டினேன்.

சுவிட்சுப் பலகை கட்டிலுக்கு எட்டும் தூரம்தான். அக்கா கையை நீட்டி லைட்டை அணைத்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இவ்ளோதானா தம்பி வேல?"

அவள் குத்திக்காட்டவில்லை. ஏதோ பெரிய வேலை, தம்பியைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்துத்தான் அத்தனை மாதமும் மறுபடி கேட்காமல் இருந்திருக்கிறாள். நான் ஏணியை மடக்கி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மார்கழியிலேயே போய்விட்டாள். முகத்தில் தலைப்பைப் போட்டுக்கொள்ளாமல் அவள் தூங்கியது பதினெட்டு நாள்.