தூளியில் கிடந்த பித்தளை

யுத்தம் முடிந்து பட்டாளம் போன பிறகும், திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற மணலில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் மலைபோலக் கிடந்தன. உடைந்த லாரிகள், டிரம்கள், கம்பிச் சுருள்கள். சுற்றிலும் முள்வேலி, வாசலில் காவல். ஆனாலும் அந்த மலை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. எங்கள் பக்கத்துக் காயலான் கடை நாளுக்கு நாள் கொழுத்தது. நடுவில் என்ன நடக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

அதில் என் மாமாவுக்கும் பங்கு உண்டு. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். கப்பல் வராத நாட்களில் முள்வேலிப் பக்கம் போவார். அம்மா கேட்டால், "கீழ கெடந்துச்சிக்கா" என்பார். மாமாவுக்கென்றே எப்போதும் ஏதாவது கீழே கிடந்தது.

எனக்கு எட்டு வயது இருக்கும். போலீஸ் என்றாலே உயிர் போய்விடும். அடுத்த சந்தில் ஒருவரைத் திருட்டு இரும்போடு பிடித்து, தெரு முழுக்க அடித்து இழுத்துப் போனதைப் பார்த்திருந்தேன். அவர் மகள் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். அதன் பிறகு மாமா வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்று மத்தியானம் அம்மா என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். மாமா மூச்சிரைக்க உள்ளே வந்தார். கோணியிலிருந்து ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். பளபளக்கும் பித்தளை. என் கை நீளம் இருந்தது. முனை மட்டும் கூம்பிய இரும்பு.

"போலீசு வந்துகினு கீது. இத்த எங்கனா மறைச்சி வை. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத, இன்னா?"

பின்பக்கமாகக் குதித்துக் கடற்கரையை நோக்கி ஓடிவிட்டார்.

ஒற்றை அறை வீட்டில் எங்கே மறைப்பது? முதலில் அடுப்பின் ஓரமாக, சுள்ளிகளுக்கு அடியில் செருகினேன். பளபளப்பு வெளியே தெரிந்தது. தெருமுனையில் விசில் கேட்டது. அதை உருவி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றி, தம்பியின் தூளியில் போட்டு ஆட்டத் தொடங்கினேன். தாலாட்டவும் பார்த்தேன்.

பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "எங்கடி உன் மாமன்?" என்று அவர் கத்தியதும் இன்னும் வேகமாக ஆட்டினேன். தூளி சுவரில் மோதி 'ணங்' என்றது. எந்தக் குழந்தையும் அப்படி ஒரு சத்தம் போடாது.

அவர் வந்து சேலையை விலக்கிப் பார்த்தார். அவர் யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர் என்று பின்னால் சொன்னார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. குரல் அடங்கிப்போயிற்று.

"கண்ணு, ஆட்டாத. கைய எடு. மெதுவா வெளிய போ."

அவர் கத்தியபோது பயந்ததைவிட அந்தக் கொஞ்சலுக்குத்தான் அதிகம் பயந்தேன். ஏமாற்றுகிறார் என்று தூளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டு கைகளாலும் தூளியை அணைத்து, அசையாமல் நிறுத்தினார். மீசையில் வியர்வை சொட்டியது.

"உங்கம்மா வெளிய கூப்புடுது பாரு. போடா கண்ணு."

அம்மா என்றதும் கை தானாக விட்டது. வெளியே அம்மா இல்லை. இன்னொரு போலீஸ்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "குண்டு! குண்டு!" என்று கத்தித் தெருவையே காலி செய்தார்கள். எங்களைச் சுடப்போகிறார்கள் என்று நினைத்தேன். மாமா தப்பித்துவிட்டார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அப்போதுதான் மாமா வந்தார். கடற்கரைப் பக்கமிருந்து, ஓடிவருகிற கூட்டத்துக்கு எதிராக, தலைதெறிக்க வந்தார். "வூட்டுல புள்ள கீது! வுடுங்கய்யா, புள்ள உள்ள கீது!" என்று அலறிக்கொண்டு எங்கள் வாசலுக்கே ஓடினார். நாலுபேர் மடக்கிப் பிடித்தார்கள். கையில் விலங்கு விழுந்ததைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் போலீஸையும் இழுத்துக்கொண்டு வந்து மண்டியிட்டார். என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். பித்தளையைத் தேடுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

"அவுங்களே எடுத்துக்கினாங்க மாமா. நான் வாயே தொறக்கல."

அதைக் கேட்டு அவர் நெற்றியை மண்ணில் வைத்து அழுதார்.

பட்டணத்திலிருந்து பட்டாளத்து ஆட்கள் வந்து, மணல் நிரப்பிய பெட்டியில் அதை வைத்து எடுத்துப்போனார்கள். மாமா சிறைக்குப் போனார். அவரைப் பார்க்க அம்மா என்னை அழைத்துப் போனாள்; நான் அவரோடு பேசவில்லை. கரை நெடுக எத்தனை கட்டுமரங்கள் கிடந்தன. ஒன்றில் ஏறிப் போயிருக்கலாம். அவ்வளவு பயத்திலும் நான் வாய் திறக்காமல் காப்பாற்றிக் கொடுத்திருக்க, தானாகவே வந்து மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு ஆறவேயில்லை.