'இல்லை' என்று போட்ட டிக்

நான் யாரையும் சட்டென்று நம்பாதவள். சபையில் எல்லோருக்கும் இது தெரியும். அப்படிப்பட்ட என் ஜெபத்தையும் கர்த்தர் கேட்டார். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

ஒன்பது வருடமாக எனக்கு முடக்குவாதம். காலையில் டம்ளரைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது. என் வீட்டுக்காரர் வலங்கைமான் பக்கம் குத்தகைக்கு நெல் போடுகிறார். ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அடுத்த நடவு இல்லை. அந்தப் பயத்தில், போன தை அறுவடை முடிந்ததும் மெடிக்கல் இன்சூரன்ஸ் கேட்டுப் பார்த்தேன். நோயின் பெயரைச் சொன்னதும் இரண்டு இடத்தில் முடியாது என்றுவிட்டார்கள். அன்றைக்கு மிகவும் அழுதேன்.

பிறகு ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். வேறு சபைக்காரர். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, முழுக்க நிரப்பிய இன்சூரன்ஸ் விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்.

"எல்லாம் முடிச்சிட்டேன்க்கா. கையெழுத்து மட்டும் போடுங்க."

எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, இதில் என்ன இருக்கிறதென்று எனக்குக் காட்டும்" என்று ஜெபித்தேன். பிறகு, "ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லுங்க தம்பி" என்றேன். அவர் முகம் மாறியது. மூட்டு நோய் உண்டா என்ற கேள்விக்கு, 'இல்லை' என்று டிக் போட்டிருந்தார்.

"இருக்குன்னு எழுதினா சேத்துக்கவே மாட்டாங்கக்கா. எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க."

நான் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். "உன் சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்லையா?" என்றார். அது ஜெபத்துக்கு வந்த பதிலா, என் குணமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க உபவாசம் இருந்தேன்.

அடுத்த வாரம் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மா தானாகவே இன்சூரன்ஸ் பேச்சை எடுத்தார். அவரையும் சந்தேகப்பட்டேன்.

"நீங்க ஏஜென்ட்டாங்க?"

"இல்லம்மா. ஏமாந்தவ. எங்க வீட்டுக்காரருக்கு சுகர் இருந்தத மறைச்சு எழுதிட்டாங்க. ஆபரேஷன் அப்போ கம்பெனிக்காரன் பணம் தர மாட்டேன்னுட்டான்."

நோயைச் சொன்னாலும் சேர்த்துக்கொள்ளும் பாலிசி உண்டு, பழைய நோய்க்கு மட்டும் சில வருடம் காத்திருக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அவர் ஊர் கூட எனக்குத் தெரியாது.

அப்படி ஒரு பாலிசியைத் தேடிப் பிடித்து, உள்ளதை உள்ளபடி எழுதிச் சேர்ந்தேன். பிரீமியம் கூடுதல்தான். பாரத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் குடல்வால் வீங்கி உயிர் போகிற வலி. உடனே ஆபரேஷன் என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் என் கட்டிலுக்கே வந்து துருவித் துருவிக் கேட்டார்.

"கை விரலெல்லாம் இப்படி இருக்கே. இத மறைச்சிட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் நகலை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் படித்தார், போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஆபரேஷன் செலவுக்கு அனுமதி வந்துவிட்டது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இப்போது குடும்ப ஜெபத்தை அவர்தான் நடத்துகிறார். கர்த்தருக்கே மகிமை.

சந்தேகம் வருவதே அவிசுவாசம் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். இப்போது அதையும் கர்த்தரிடமே கொண்டுபோகிறேன். நீங்களும் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போடும் முன் ஜெபியுங்கள். ஆமென் சொன்ன பிறகு, பாரத்தை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.