வெல்வெட் தாளில் மாப்பிள்ளை

போன வாரம், மகள் வரைந்த ஓவியத்தை அச்செடுக்க மலாக்கா டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் பருத்தித் தாள், மூங்கில் தாள் என்று ஒவ்வொன்றாக விரித்தாள். நான் சும்மா இருப்பேனா? கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனேன்.

“அங்கிள், தொட்டுப் பாருங்க போதும், மோந்து பாக்காதீங்க லா!”

இளவயதில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோத் தாளாக இருந்தால் மூக்கே சொல்லிவிடும். அந்த மருந்து வாடை என் சட்டையிலும் தலைமயிரிலும் ஏறி, மத்தியானச் சோறுவரை கூடவே வரும்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் தேடிக்கொண்டிருந்த அவசரகாலம் அது. ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாமல் ஆள் நடமாட முடியாது. ஐசிக்குப் படம் எடுக்கத் தோட்டத்து ஜனங்கள் லோரி லோரியாக வந்து இறங்குவார்கள். அவர்களுக்கெல்லாம் பளபளப்புத் தாள். மூஞ்சியில் உள்ளதை உள்ளபடி காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணப் படத்துக்குச் சில்க் தாள். மேல்தட்டில் வெல்வெட் தாள், பெரிய மனிதர்களுக்கு மட்டும். எந்த முகத்துக்கு எந்தத் தாள் என்று தீர்மானிக்கும் பெரும்பொறுப்பு என்னிடம் இருந்தது. அதாவது, நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி என்னைத் தாள் வெட்டத்தான் வைத்திருந்தார்.

செலண்டார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எனக்கு இடம் தகைந்து வந்தது. பெண் பெயர் பாக்கியம், பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். அதற்குமுன் வந்த இடமெல்லாம் என் அம்மைத் தழும்பைப் பார்த்துத் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் ஆளை விடு என்றுவிட்டார் தரகர். முதலாளியிடம் கெஞ்சி, என் படத்தை வெல்வெட் தாளில் நானே போட்டேன். கூடவே கொஞ்சம் பழுப்புச் சாயம். தழும்பு அத்தனையும் பனிமூட்டத்தில் போனமாதிரி போயிற்று. எனக்கே என்மேல் ஆசை வந்துவிட்டது என்றால் பாருங்களேன்!

படத்தை முன்னால் அனுப்பிவிட்டு, சித்தியோடு பெண் பார்க்கப் போனேன். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் காவலுக்கு நின்றவர் ஐசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். பெண்ணின் அப்பா தலையாட்டவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“வாங்க, வாங்க. மாப்பிள்ளை பின்னால வராரா?”

“இவன்தாண்ணே மாப்பிள்ளை” என்றாள் சித்தி.

வெல்வெட் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஐசிய எடுங்க.”

அந்த நாளில் யார்மேல் சந்தேகம் வந்தாலும் அதுதான் வழக்கம். எடுத்துக் கொடுத்தேன். ஐசி உள்ளே போயிற்று. கதவுக்குப் பின்னால் ஒரே குசுகுசு. சித்தி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், கிளம்பலாமா என்பதுபோல. அப்போதுதான் பாக்கியத்தின் குரல் கேட்டது.

“இந்தச் சின்னப் படத்துல இருக்கறவரு சரிப்பா. பெரிய படத்துல இருக்கற ஆளுதான் வேணாம். சினிமாக்காரன் மாதிரி இருக்கான், ஓடிப்போயிருவான்!”

ஆக, வெல்வெட் மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஸ்டூடியோ போயிற்று. வேலி போயிற்று. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வெல்வெட் படத்தைக் கரையான் ருசித்துத் தின்றது. பாக்கியமும் போய்விட்டாள். காரியத்தன்று பிள்ளைகள் அவள் படத்தைப் பெரிதாக்கி, நல்ல உசத்தித் தாளில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பால்வாளி இடித்து நெற்றியில் விழுந்த வடு, கண்ணோரத்துச் சுருக்கம், ஒன்றையும் காணோம்.

“எவ்ளோ அழகா வந்திருக்கு பாருங்கப்பா.”

அழகுதான். மாலை போட்டேன். யாருக்குப் போட்டேன் என்றுதான் தெரியவில்லை.