சுரைக்குடுவையும் நான் சொல்லாத வழியும்

தென் லண்டனில், மிச்சம் என்னும் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையில், புத்தகத் தட்டின் மேல் ஒரு சுரைக்குடுவை இருக்கிறது. இடை சிறுத்து அடி பருத்தது. கழுத்தில் கயிறு சுற்றியிருக்கும். வாயை ஒரு சோளப்பொத்தியின் தக்கை அடைத்திருக்கும். தக்கையை நீக்கி முகர்ந்தால், இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் உள்ளிருந்து மெல்லிய புளிப்பு வாசம் எழுகிறது. இது என் சகலனுக்குரிய பொருள். அதாவது என் மனைவியின் தங்கையை மணந்தவருக்குரியது. நெடுங்காலம் நகரின் மறுகோடியில், ஹரோவில், அவர் வீட்டுச் சுவரில் தொங்கிற்று. அது அங்கே தொங்கிய காலமெல்லாம் நான் அதற்கு முதுகு காட்டியே அமர்ந்திருக்கிறேன். வீட்டிற்கு வருவோர் அதை என் பணிவு என்று கருதியிருக்கலாம். உண்மையில் அது பொறாமை.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவனல்லன். படித்ததும் எழுதப் பழகியதும் என் சொந்த முயற்சியால். அதனாலோ என்னவோ, எழுத்தில் உள்ளவற்றின் மீது எனக்கு அளவுகடந்த மரியாதை உண்டு. அறிவிப்புப் பலகை, படிவம், கால அட்டவணை ஆகிய எதையும் நான் மீறியதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு கொப்பி இருக்கும். கண்டதையும் கேட்டதையும் அதில் குறித்துக்கொள்வேன். என் சகலனோ முற்றிலும் மாறானவர். ஹரோவில் வாடகைக் கார் ஓட்டிய அவருக்குப் பெருஞ்சாலை என்றாலே ஆகாது. "மெயின் றோட்டாலை போறவன் ஊரைப் பாக்கிறதில்லை, அண்ணை" என்பார். வயதில் நான் மூத்தவனாகையால் என்னை அண்ணை என்றே அழைப்பார். நான் ஒரு மணி நேரத்தில் சேரும் இடத்திற்கு அவர் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்வார். ஆனால் வரும்போது ஒரு கதையோடு வருவார். அந்தக் கதையின் நடுவில் என் மனைவி, கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, சற்று முன்னே சாய்ந்து, "பிறகு?" என்று கேட்பாள். நாற்பதாண்டு இல்லறத்தில் அந்த ஒரு சொல்லை அவள் என்னிடம் கேட்டதில்லை. நான் சொல்லும் எதிலும் அடுத்து என்ன வரும் என்பது அவளுக்கு முன்னரே தெரிந்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த முதற் பத்தாண்டின் நடுப்பகுதியில், உறவுக்காரர் வீட்டுக் கலியாணம் ஒன்றிற்காக நாங்கள் இரு தம்பதியரும் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றோம். கலியாணம் முடிந்ததும் பிள்ளைகள் எங்களை ஒரு வார உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் மெக்சிக்கோவின் மேற்குக் கரை வழியே சென்று, ஒரு காலை மன்சனியோ என்னும் துறைமுகத்தில் நின்றது. முதல்நாள் மாலையே கதவின் கீழாக ஒரு தாள் வந்திருந்தது. நாலரை மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். ஐந்துக்குக் கப்பல் புறப்படும். பட்டினத்தைத் தாண்டித் தனியாகச் செல்ல வேண்டாம். மூன்றையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கடைத்தெருவில், தோளில் ஒரு பெரிய சுரைக்குடுவையைச் சுமந்தபடி ஒருவர் ஏதோ பானம் விற்றுக்கொண்டிருந்தார். வாசம் எங்கள் நால்வரையும் ஒருங்கே நிறுத்தியது. தென்னங்கள்ளின் வாசம். உலகின் மறுபக்கத்தில், எங்கள் மொழியறியாத ஒருவரின் தோளில்! என் சகலன் ஒரு குவளை வாங்கிப் பருகி முகம் சுளித்தார். அதில் கச்சான் கடலையும் பழத்துண்டுகளும் மிதந்தன.

"பழக்கலவை செய்து வச்சிருக்கிறான், அண்ணை. மரத்தடியிலை போய்க் குடிக்கோணும்."

தென்னைமரம் ஏறுவதுபோல் கைகளால் நடித்துக் காட்டி, மரங்கள் எங்கே என்று விற்பவரிடம் கேட்டார். அவர் தெற்கே கையை நீட்டி, குயூத்லான் என்று இருமுறை சொன்னார். என் வழக்கப்படி நான் அதைக் கொப்பியில் தமிழெழுத்தில் குறித்துக்கொண்டேன். தேங்காய் ஏற்றச் செல்லும் நீலநிற லொறி ஒன்று தெருமுனையில் நின்றது. அதன் சாரதியோடும் என் சகலன் கையாலேயே பேசி முடித்துவிட்டார்.

என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, நாங்களும் ஒருக்காப் போட்டு வருவமே?"

நான் தாளை எடுத்து விரித்தேன். "பட்டினத்துக்கு வெளியிலை போக வேண்டாமெண்டு போட்டிருக்கு."

மைத்துனி லொறியின் பின்பக்கத்தில் அதற்குள் ஏறிவிட்டாள். அங்கிருந்தபடியே, "அக்கா, அத்தானுக்கு அந்தத் தாளைத்தான் கட்டி வச்சிருக்கோணும்!" என்று கத்தினாள். சகலன் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். பின்னர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். லொறி புறப்பட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய இருவர், பள்ளிப் பிள்ளைகளைப்போல் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, தூசிக்குள் மறைந்தார்கள். அந்தத் தூசி அடங்கும்வரை என் மனைவி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் கப்பலில் அவள் என்னோடு உணவருந்தினாள், தேநீர் பருகினாள், ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலரை ஆயிற்று. அவர்கள் வரவில்லை. ஒலிபெருக்கியில் இருவர் பெயரும் இருமுறை ஒலித்தன. என் மனைவி மேல்தளத்திற்கு ஓடி, துறைமுகச் சாலையைப் பார்த்தபடி நின்றாள். நான் இறங்குபடி அருகே நின்றேன். ஓர் இளம் பெண் அதிகாரி என்னிடம் வந்தார். கரையில் கப்பலின் முகவர் ஒருவர் வாகனத்தோடு இருக்கிறார், அவர்கள் சென்ற திசை தெரிந்தால் உடனே அனுப்பலாம், எங்கே போனார்கள் என்று தெரியுமா, என்று கேட்டார்.

கொப்பி என் நெஞ்சுப் பையில் இருந்தது. ஊரின் பெயர், லொறியின் நிறம், புறப்பட்ட நேரம் ஆகிய யாவும் அதில் இருந்தன.

"தெரியாது" என்றேன்.

அது பயத்தில் சொன்ன சொல்லன்று, மறதியுமன்று. ஒருமுறையாவது விதியை மீறியவர் விதியின் பயனை அனுபவிக்கட்டும், என் மனைவி அதைத் தன் கண்ணால் காணட்டும் என்று என் உள்ளம் விரும்பியது. மொழி தெரியாத கரையில் அவர்களுக்கு என்ன நேரலாம் என்பதை நான் எண்ணாமலில்லை. எண்ணிய பின்னரும் வாய் திறக்கவில்லை.

படியை இழுக்கும் வேளையில், ஒரு மோட்டார் சைக்கிள் துறைமுகத்துக்குள் பாய்ந்து வந்தது. முன்னே தொப்பியணிந்த ஒருவர். நடுவே என் மைத்துனி. கடைசியில் சுரைக்குடுவையை அணைத்தபடி என் சகலன். மைத்துனியின் ஒரு காலில் செருப்பில்லை. சகலனின் காற்சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. எல்லாத் தளங்களிலும் நின்ற பயணிகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். என் மனைவி அழுதுகொண்டே, தலைக்கு மேல் கைகளை உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்தாள்.

லண்டன் திரும்பியபின் ஹரோ வீட்டில் முதன்முறையாக அக்கதை அரங்கேறியது. தோப்பில் மரத்தடியில் இருந்த குடுவையை எடுத்து, கேட்பாரில்லை என்று ஒரு மிடறு குடித்திருக்கிறார் சகலன். எங்கிருந்தோ ஒரு நாயும், கத்தி பிடித்த இருவரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"கள்ளுத் திருட வந்தவன் எண்டு நினைச்சிட்டாங்கள். கத்தி இந்தளவு நீளம்."

"பிறகு?" என்றாள் என் மனைவி.

"பிறகென்ன? இவவின்ரை சால்வையை வாங்கி, மரமேறிற தளைநார் மாதிரிக் காலிலை போட்டன். கிடுகிடெண்டு ஏறினன். நானும் உங்கடை ஆள்தான் எண்டு வேறை எப்பிடிச் சொல்லுறது?"

"ஏறினவரோ?" என்றாள் மைத்துனி. "மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு தொங்கினவர். காற்சட்டை கிழிஞ்ச சத்தத்துக்கு நாயே பின்வாங்கினது. அவங்கள் சிரிச்ச சிரிப்பிலைதான் நாங்கள் தப்பினது. குடுவையையும் தந்து, மோட்டார் சைக்கிளிலை கொண்டுவந்து விட்டதும் அவங்கள்தான்."

அறை சிரிப்பில் குலுங்கியது. அப்போதுதான் சகலன் என்னைச் சுட்டிக்காட்டினார். "நாங்கள் வந்து சேரேக்கை கப்பல் நிண்டதுக்குக் காரணம் ஆர் தெரியுமோ? அண்ணை! அந்த ஒபிசர்மாரோடை வாக்குவாதப்பட்டு மறிச்சு வச்சிருந்தவர்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பெற்றதில்லை. "நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள். நான் தலைகுனிந்தேன். அதையும் எல்லோரும் பணிவென்றே எடுத்துக்கொண்டார்கள்.

விடைபெறும்போது கார்வரை என்னோடு வந்தார் சகலன். யார் அப்படிச் சொன்னது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த இலையொன்றை எடுத்தெறிந்தார்.

"அந்த ஒபிசர்ப் பிள்ளை அடுத்தநாள் என்னட்டை எல்லாம் சொன்னது, அண்ணை. நீங்கள் கொப்பியிலை எழுதினதை நான் பாத்தனான்." பிறகு, "விடுங்கோ. கதைக்கு ஒரு நல்ல ஆள் தேவைப்பட்டது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நாங்கள் சமமாகியிருப்போம். தருவதற்கும் மறைப்பதற்கும் அவரிடம் அவ்வளவு இருந்தது என்பதே எனக்குப் புதிய பொறாமையாயிற்று. என் மனைவி என் மீது கொண்ட மதிப்பும் அவர் இட்ட பிச்சை என்றானது. அதன் பின்னர் எத்தனையோ முறை அக்கதையைச் சொன்னார். ஒருமுறைகூட அந்த வரியை விடவில்லை. ஒருமுறைகூட என் பக்கம் கண்ணைச் சிமிட்டவுமில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் அவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுவாரம் மைத்துனி குடுவையை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்தாள். "இது அத்தானுக்கெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்." அன்றிலிருந்து அது எங்கள் தட்டில் இருக்கிறது. கதையை இப்போது என் மனைவி சொல்கிறாள். நாய், சால்வை, காற்சட்டை ஆகிய யாவும் முறை தவறாமல் வரும். இறுதியில் குடுவையை என் பக்கம் நீட்டி, கப்பலை மறித்தவர் இவர்தான் என்பாள். அவர் இருந்தவரை அது அவருடைய பொய். இப்போது அதைச் சொல்வது அவள், அறியாமலே சொல்கிறாள்.

சென்ற ஞாயிறு விம்பிள்டன் கோயிலில் பழக்கமான ஒரு தம்பதி வீட்டிற்கு வந்திருந்தார்கள். தேநீருக்குப் பின் என் மனைவி குடுவையைத் தட்டிலிருந்து இறக்கினாள். கதையில் மோட்டார் சைக்கிள் துறைமுகத்திற்குள் நுழைந்தது; அவள் என் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து உள்ளே சென்று, கட்டிலின் கீழ் இருந்த பெட்டியிலிருந்து அந்தப் பழைய கொப்பியை எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்தை விரித்து அவள் முன் வைத்தேன். மை மங்கியிருந்தாலும் குயூத்லான் என்ற பெயர் தெளிவாகவே தெரிந்தது.

"நான் கப்பலை மறிக்கேல்லை" என்றேன். "அவையள் எங்கை போனவை எண்டு என்னட்டைக் கேட்டவை. எனக்குத் தெரியும். தெரியாதெண்டு சொன்னன்."

வந்தவர்கள் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்தார்கள். என் மனைவி அந்தப் பக்கத்தை விரலால் தொட்டு, எழுத்துக்கூட்டி வாசித்தாள். குடுவை அவள் மடியில் இருந்தது. கோபமா, அழுகையா என்று என்னால் அறிய முடியவில்லை. சற்று முன்னே சாய்ந்தாள். என் முகத்தை, முன்பின் அறியாத ஒருவரின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பிறகு?" என்றாள்.